கும்பக்கரை அருவிக்குக் கிளம்புகிறீர்களா?

மதுரையிலிருந்து என்றால் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிப் பெரியகுளத்தில் இறங்குங்கள், அங்கிருந்து ஆட்டோதான், திரும்பி வருவதற்கும் சேர்த்தே பேசிவிடுங்கள். கிளம்பும் முன் குளிக்க அனுமதி உண்டா என்று அன்றைய செய்தியைப் பாருங்கள், ஏனென்றால் கொடைக்கானல் மலையில் மழை கொட்டினால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும், வனத்துறை உடனே தடை போட்டுவிடும். குளித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் திடீரென்று கலங்கிச் செம்மண் நிறமானால், யாராவது விசில் ஊதட்டும் என்று நிற்காமல் கரையேறுங்கள். பாறைகளுக்கு நடுவே யானை கஜம், பாம்பு கஜம் என்று ஆழமான பள்ளங்கள் உண்டு, பார்க்க அழகு, இறங்கினால் ஆளை விழுங்கிவிடும். சோப்பு, ஷாம்பு வேண்டாம். புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம், ஆனால் குரங்கு கண்ணில் படும்படி பொட்டலத்தைப் பிரித்தால் உங்களுக்கு மிஞ்சாது. அப்புறம், மாம்பழ சீசன் என்றால் பெரியகுளத்தில் ஒரு பை வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.