மூங்கில் பூத்துட்டுதா? உடனே தறிக்காதேங்கோ

வளவு மூங்கில் பூத்தால் அபசகுனம் என்று பயப்படுகிற ஆக்கள் இன்னும் இருக்கினம். பயப்பட ஒன்றுமில்லை. மூங்கிலும் நெல்லைப் போல ஒரு புல்தான். நெல் சில மாதத்தில் கதிர் தள்ளும், மூங்கிலுக்குப் பல வருசம் எடுக்கும். இந்தியாவின் மிசோராம் மாநிலத்தில் ஒரு மூங்கில் இனம் ஏறக்குறைய 48 வருசத்துக்கு ஒருக்கா காடு முழுக்கப் பூக்கும். கடைசியாக 2006-08 காலத்தில் பூத்தது.

முதலில் கிட்டப்போய்ப் பாருங்கோ. கணுக்களில் இலைக்குப் பதிலாக நெல் உமி மாதிரி வைக்கோல் நிறக் கொத்துகள் இருக்கும், அதில் சின்ன மஞ்சள் மகரந்தப் பைகள் தொங்கும்.

ஒன்றிரண்டு தடி மட்டும் பூத்திருந்தால் புதர் தப்பக்கூடும். அந்தத் தடிகளை அடியோடு வெட்டி, மாட்டெரு போட்டு, வேர் காயாமல் தண்ணி விடுங்கோ. மாரி முடியும்வரை பொறுத்துப் பாருங்கோ, புதுக்குருத்து வந்தால் கவலையில்லை.

எல்லாத் தடியும் ஒன்றாகப் பூத்தால் பெரும்பாலும் பட்டுப்போகும். மண்ணுக்குள் இருக்கிற கிழங்கில் சேர்த்த சத்தெல்லாம் பூவுக்கும் விதைக்கும் போய்விடும், பிறகு உரம் போட்டும் பெரிசாப் பலனில்லை. விதை விழுந்தால் காய விடாமல் கெதியாக நாற்று போடுங்கோ. முளைப்புத் திறன் நெடுநாள் நிற்காது. மஞ்சள் மூங்கிலில் விதையை எதிர்பார்க்காதேங்கோ.

முக்கியமான விசயம்: பூத்த புதரில் கிழங்கு பிரித்து நடவேண்டாம். அதுக்கும் தாயின்ர வயசுதான், அதுவும் பூத்துப் பட்டுப்போகலாம்.