தொலைநோக்கியின் ஹேண்ட் கன்ட்ரோலரில் இந்திய நேரத்தைப் பொருத்திய அனுபவம்

என் மைத்துனர் அமெரிக்காவில் பயன்படுத்திய கணினித் தொலைநோக்கியைச் செங்கோட்டைக்குக் கொண்டுவந்து மொட்டைமாடியில் நிறுத்தியபோது, முதல் விண்மீனை மையப்படுத்தி, அதன் இடத்தைக் கருவிக்குப் பதிவுசெய்யும் ‘அலைன்’ பொத்தானை அழுத்திய பிறகும், இரண்டாவது விண்மீனுக்குத் தானாகத் திரும்பிய குழாய் பல பாகை தள்ளியே நின்றது.

மோட்டாரில் பழுதில்லை. தொலைநோக்கியை இயக்கும் கைக்கருவியான கன்ட்ரோலரின் நேர மண்டலப் பட்டியலில் முழு மணிகள் மட்டுமே இருந்தன. நம் நேரமோ உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னே. வானம் மணிக்கு 15 பாகை சுழல்வதால், அந்த அரை மணி விடுபட்டாலே 7.5 பாகை பிசகும். போதாக்குறைக்கு, கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளும் கோடைகால நேரமும் ‘ஆன்’ என்றிருந்தது.

எனவே மண்டலத்தைப் பூச்சியமாக்கி, கோடைகால நேரத்தை நிறுத்தி, நம் கடிகாரத்திலிருந்து 5 மணி 30 நிமிடத்தைக் கழித்துக் கிடைத்த உலகப் பொது நேரத்தை இட்டேன். இரவு 9 மணி என்றால் 15:30. நள்ளிரவு முதல் காலை ஐந்தரை வரை முந்தைய நாளின் தேதியையே இட வேண்டும் என்பதை யாரும் மறந்துவிடக் கூடாது. கன்ட்ரோலரின் தேதியில் மாதம்தான் முதலில் வரும். தீர்க்கரேகையை மேற்கிலிருந்து கிழக்குக்கு மாற்றி, 77 பாகை 15 நிமிடம் என்றும், அட்சரேகையை வடக்கு 9 பாகை என்றும் கொடுத்தேன்.

மேற்கே மலை மறைப்பதால், மார்ச் மாத இரவில் உயரத்திலிருந்த திருவாதிரையையும் கிழக்கே மகத்தையும் தேர்ந்தெடுத்தேன். மையப்படுத்தும் கடைசி அசைவை மேல், வலது பொத்தான்களாலேயே முடித்தால், பல்சக்கரத் தளர்வு ஒரே பக்கம் ஒதுங்கிவிடும். முதலில் அகலமாகக் காட்டும் 25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) மையப்படுத்தி, பிறகே பெரிதாகக் காட்டும் 10 மி.மீ. ஐபீஸுக்கு மாற வேண்டும்.