வீட்டுத்திட்டத்தால் பயனடைந்தோர் எத்தனை பேர்? ஓர் ஊரின் கணக்கை எடுக்கும் முறை

வீட்டுத்திட்டத்தால் ஊரில் எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கேட்டால், மூன்று பேர் மூன்று கணக்குச் சொல்வார்கள். ஒருவர் வீடுகளையும், இன்னொருவர் குடும்பங்களையும், மற்றவர் ஆட்களையும் எண்ணியிருப்பார் என்பதால் மூன்றுமே சரியாகவும் இருக்கலாம். எதை எண்ணப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பில் இது சிறிய விடயமன்று. மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதும் இங்குள்ள வழக்கமாதலால், தாயின் பெயரில் கிடைத்த வீட்டில் மகளின் குடும்பம் இருக்க, பெற்றோர் அதே வளவில் கொட்டில் போட்டு ஒதுங்கியிருப்பதைக் காணலாம். பயனாளிப் பட்டியலில் இவர்கள் ஒரே குடும்பம். ஆகவே பட்டியலிலுள்ள எண்ணைச் சராசரிக் குடும்ப அளவால் பெருக்கி ஆட்தொகை காண்பதை நான் ஏற்பதில்லை. வீடு வீடாகச் சென்று, இன்று அங்கே வசிப்பவர்களை எண்ணுவதே நம்பத்தக்கது.

பட்டியலும் ஒன்றல்ல. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் முற்றாக அழிந்த வீட்டுக்கு வழங்கப்பட்ட 250,000 ரூபா, போருக்குப் பிந்திய இந்திய வீட்டுத்திட்டத்தின் 550,000 ரூபா, தேசிய வீடமைப்பு அதிகார சபையின் கடன்கள் என ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு உண்டு. கடனைத் திருப்பிக் கட்ட வேண்டும். மானியத்தைக் கட்ட வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே நிரலில் கூட்டாதீர்கள். ஒரே குடும்பம் இரண்டு பட்டியல்களில் இருந்தால் குடும்பக் கணக்கில் ஒரு முறை மட்டும் சேருங்கள்.

பணம் தவணை தவணையாக, வேலை முடிய முடியத்தான் வரும். அத்திவாரத்துடன் நின்றுபோன வீடும் “அனுமதிக்கப்பட்டது” என்ற எண்ணிக்கைக்குள் அடங்கிவிடும் என்பதால், அனுமதி, பெற்ற தவணைகள், குடிபுகுந்தமை ஆகியவற்றைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

பதிவுகளைப் பெறுவதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதலாம்; காரணம் கூற வேண்டியதில்லை. திட்டம், ஆண்டு, கிராம உத்தியோகத்தர் பிரிவு என்ற ஒழுங்கில் எண்ணிக்கைகளை மட்டும் கேளுங்கள், ஏனெனில் பெயர்களைக் கேட்டால் தனியுரிமையைக் காட்டி மறுக்க இடமுண்டு. 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் தெரிவிக்கப்பட வேண்டும். மறுத்தால், மேன்முறையீடுகளைக் கேட்பதற்கெனக் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம்.