வயர்லெஸ் சுவர் சுவிட்ச் வாங்கும் முன்

ஸ்மார்ட் பல்பு பொருத்திய வீடுகளில் அடிக்கடி நேரும் சிக்கல், யாராவது பழக்கதோஷத்தில் சுவர் சுவிட்சை அணைத்துவிட, மின்சாரமற்ற பல்பு செல்போன் செயலியின் எந்தக் கட்டளைக்கும் அசையாமல் கிடப்பதுதான். அந்தச் சுவிட்சை எப்போதும் ஆன் நிலையிலேயே விட்டு, அதன் அருகில், பல்புக்குக் கம்பியின்றிக் கட்டளை அனுப்பும் வயர்லெஸ் சுவிட்ச் ஒன்றை ஒட்டிவிட்டால் இத்தொல்லை பெரும்பாலும் தீரும்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, ஜிக்பீ, இசட்-வேவ், த்ரெட், புளூடூத் ஆகிய கம்பியில்லாத் தொடர்பு முறைகளுள் எதில் அது இயங்குகிறது, உங்கள் பல்புகளும், ஸ்மார்ட் கருவிகளை ஒன்றிணைக்கும் மையக் கருவியான ஹப்பும் அதற்கு ஒத்துவருமா என்பதே. இசட்-வேவ் அலைவரிசை நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், அவ்வகையை வெளிநாட்டிலிருந்து தருவிப்பது வீண்செலவாகலாம். ஜிக்பீ எனில், சுவிட்சைப் பல்புடன் நேரடியாகப் பிணைக்கும் 'பைண்டிங்' வசதி இரண்டிலும் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால், ஹப் முடங்கிய இரவிலும் விளக்கு எரியும். பேட்டரியை விரைவில் தீர்த்துவிடும் என்பதால் வைஃபை வகையை நான் தவிர்ப்பேன். பல சுவிட்சுகளுக்கு சிஆர்2032 போன்ற நாணய வடிவ பேட்டரி தேவை. அழுத்தும் விசையிலேயே மின்சாரம் உண்டாக்கிக்கொள்ளும் வகையும் உண்டு. ஆனால் அதன் பொத்தான் 'டக்'கென்ற ஓசையுடன் சற்றுக் கடினமாகவே அமுங்கும் என்பதால், குழந்தை உறங்கும் அறைக்கு அது சரிப்படாது.