முதன்முறை சொகுசுக் கப்பல் ஏறுவோருக்கு: பினாங்கிலிருந்து சில குறிப்புகள்

பயணச்சீட்டில் ‘போர்ட் கிள்ளான்’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, கேடிஎம் கொமுட்டர் ரயிலில் கடைசி நிலையம் வரை போய் இறங்கினால் கப்பல் எதிரே நிற்கும் என்று கோலாலம்பூர்க்காரர்கள் பலர் கணக்குப் போடுகிறார்கள். அந்த நிலையத்தின் அருகே இருப்பது கெத்தாம் தீவுக்குப் படகு ஏறும் துறைதான். சொகுசுக் கப்பல்கள் அணையும் முனையம் பூலாவ் இண்டாவில் இருக்கிறது. அங்கே பயணிகள் ரயில் போவதில்லை. கோலாலம்பூரிலிருந்து நேராகக் காரிலோ வாடகை வண்டியிலோ புறப்பட்டால் ஒரு மணி நேரத்திற்கு மேலாகும் என்று வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை மாலை நெரிசலுக்கு இன்னும் ஒரு மணி நேரத்தைத் தனியாக ஒதுக்குவது நல்லது. பினாங்கில் இந்தத் தொல்லை இல்லை. இங்கே கப்பல்கள் அணையும் சுவெட்டன்ஹாம் துறை ஜார்ஜ்டவுனின் வாசலிலேயே, கார்ன்வாலிஸ் கோட்டைக்கும் விக்டோரியா மணிக்கூண்டிற்கும் எதிரே இருக்கிறது. தலைநகரிலிருந்து வருகிறவர்கள்கூட இடிஎஸ் ரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த் வந்து, ஃபெரியில் இக்கரைக்குக் கடந்து, சற்று நடந்தே கப்பலை அடைந்துவிடலாம்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, நம் நாட்டு லங்காவித் தீவு வரைதான் போகிறோம், அடையாள அட்டை போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. இத்தகைய பயணங்களுக்குக் கடப்பிதழ் கட்டாயம். திரும்பும் நாளிலிருந்து கணக்கிட்டு ஆறு மாதங்களாவது அது செல்லுபடியாக வேண்டும். கப்பல் சிங்கப்பூரைத் தொட்டால் அந்நாட்டு வருகை அட்டையையும், தாய்லாந்தைத் தொட்டால் 2025 மே மாதம் முதல் நடைமுறைக்கு வந்துள்ள மின்னியல் வருகை அட்டையையும் இணையத்தில் முன்கூட்டியே நிரப்ப வேண்டும். இரண்டும் இலவசம், கட்டணம் கேட்கும் வலைத்தளம் அரசாங்கத்தினுடையதன்று. சில கப்பல்களில் கடப்பிதழை ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும் நாளில்தான் திருப்பித் தருவார்கள். அதனால் முதல் பக்கத்தின் நகலைக் கைப்பையில் வைத்திருங்கள். கருவுற்றவர்கள் 24 வாரத்தைத் தாண்டியிருந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றிக்கொள்வதில்லை. ஆறு மாதம் நிறையாத குழந்தைகளுக்கும் அப்படித்தான். பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்வது மிகுந்த வேதனை.

விளம்பரத்தில் காணும் கட்டணம், ஓர் அறையில் இருவர் தங்குவதாகக் கொண்டு ஒருவருக்குச் சொல்லப்படும் விலை. தனியாகப் போகிறவர் பெரும்பாலும் அந்த இரண்டாம் ஆளின் பங்கையும் சேர்த்துக் கட்ட நேரிடும். அதன்மேல் துறைமுக வரியும், ஊழியர்களுக்கான அன்றாடச் சேவைக் கட்டணமும் வரும். பின்னதைப் பலரும் கவனிப்பதில்லை. தலைக்கு ஓர் இரவுக்கு 15 டாலர் என்று வைத்துக்கொண்டால், நான்கு பேர் கொண்ட குடும்பத்திற்கு மூன்று இரவுகளுக்கு 180 டாலர் ஆகிறது. அது அமெரிக்க டாலரா சிங்கப்பூர் டாலரா என்பதையும் பதிவு செய்யும் முன்பே கேட்டு, ரிங்கிட்டில் மாற்றிப் பார்த்துவிடுங்கள். கப்பலுக்குள் ரொக்கம் அதிகம் புழங்காது. அறைக் கதவைத் திறக்கும் அட்டையே பற்று அட்டையாகவும் இருக்கும். பிள்ளைகளின் அட்டையில் செலவு செய்யும் வசதியை முதல் நாளே நிறுத்தி வைக்கச் சொல்லலாம். விளையாட்டுக் கூடத்தில் பிள்ளைகள் அட்டையைத் தேய்க்கும் வேகம் பெற்றோருக்குக் கடைசி நாளில்தான் புரியும்.

அறையைத் தேர்ந்தெடுப்பதில் என் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது. மூன்று, நான்கு இரவுப் பயணத்திற்குச் சன்னல் இல்லாத உள்ளறையே போதும். 1926-ஆம் ஆண்டு கட்டப்பட்ட ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கிற்கு வந்த என் பாட்டி, மேல்தளத்தில் பாய் விரித்து, தகரப் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டு வந்ததாகச் சொல்வார். மெத்தையும் குளிரூட்டியும் குளியலறையும் உள்ள அறைக்குச் சன்னல் இல்லை என்று நான் குறைப்பட்டால் அவர் சிரித்திருப்பார். எந்த அறையாக இருந்தாலும் அது அமைந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. நீச்சல் குளத்திற்கு நேர் கீழே இருக்கும் அறையில், விடியற்காலையில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் எழுப்பிவிடும். அறையின் சுவர்கள் பெரும்பாலும் உலோகத்தாலானவை. நான்கைந்து காந்தக் கொக்கிகளைக் கொண்டுபோனால் தொப்பி, பை, ஈரத்துணி ஆகிய அனைத்தையும் மாட்டிவிடலாம்.

பெட்டி கட்டும்போது நம்மவர்கள் தவறாமல் செய்யும் பிழை ஒன்றை நேரில் பார்த்திருக்கிறேன். சுவெட்டன்ஹாம் துறையில் ஊடுகதிர்ச் சோதனையில் எங்கள் அத்தையின் பெட்டி ஒதுக்கி வைக்கப்பட்டது. திறந்து காட்டச் சொன்னார்கள். மேலாகச் சேலைகள், அவற்றின் அடியில் சின்ன ரைஸ் குக்கர், ஒரு பொட்டலம் கற்பூரம், ஊதுபத்தி, துண்டில் சுற்றிய காமாட்சி விளக்கு, தீப்பெட்டி. “விளக்குகூட ஏத்தக் கூடாதாடா?” என்று அத்தை என்னைக் கேட்டார். “நடுக்கடல்ல நெருப்புப் பிடிச்சா எங்க ஓடுறது அத்தை?” என்றேன். அவர் அதன்பிறகு ஒன்றும் பேசவில்லை. குக்கரையும் விளக்கையும் சீட்டு எழுதிக்கொடுத்துவிட்டு எடுத்து வைத்துக்கொண்டார்கள். இறங்கும்போது திரும்பக் கிடைத்தன. சலவைப் பெட்டி, மின்கெண்டி, மெழுகுவர்த்தி, மின்னழுத்தத் தடுப்புள்ள நீட்சிக் கம்பி ஆகியவையும் இதே வகையில் சேரும். கடலில் செல்லும் கப்பலுக்குத் தீயைவிடப் பெரிய எதிரி இல்லை என்பதால் இவ்விதியில் எந்த நிறுவனமும் தளர்வு காட்டுவதில்லை.

துறையில் ஒப்படைக்கும் பெட்டிகள் அறைக்கு வந்துசேர மாலையாகிவிடும். ஆகவே மருந்துகள், கடப்பிதழ், கண்ணாடி, நீச்சலுடை, குழந்தைக்கு ஒரு மாற்றுடை ஆகியவற்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கடப்பிதழைப் பெட்டிக்குள் பூட்டி அனுப்பிவிட்டு முகப்பில் நின்று தவிப்பவர்களை ஒவ்வொரு பயணத்திலும் காண்கிறேன்.

ஏறியவுடன் எல்லாரும் சாப்பாட்டுக்கூடத்தை நோக்கிப் போவார்கள். அதற்கு முன் அவசரகால ஒத்திகையை முடித்துவிடுங்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பயணிகளுக்கு ஒத்திகை நடத்தப்பட்டிருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்திற்குள் நடத்தினால் போதும் என்றுதான் அப்போதைய விதி இருந்தது. 2015 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ அதை நடத்தியாக வேண்டும். இப்போது பல கப்பல்களில் அறைத் தொலைக்காட்சியில் காணொளியைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு ஒதுக்கிய கூடுமிடத்திற்குப் போய் அட்டையைக் காட்டினால் முடிந்துவிடுகிறது. ஏழு குறுகிய ஒலிகளும் அவற்றைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அது அபாய அறிவிப்பு என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். அறையிலிருந்து கூடுமிடத்திற்கு மின்தூக்கி இல்லாமல் படி வழியாக ஒருமுறை நடந்து பாருங்கள். ஒத்திகையின்போது கைப்பேசியில் உரக்கப் பேசுவது மற்றவர்களின் உயிரோடு விளையாடுவது.

மலாக்கா நீரிணை பொதுவாக அமைதியானது. தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலைகளில் ‘சுமத்ரா’ என்று பெயர் பெற்ற காற்றும் மழையும் ஓரிரு மணி நேரம் வந்து போகும். நவம்பர் முதல் மார்ச் வரை தென்சீனக் கடல் பக்கம் போகிறவர்கள்தாம் மாத்திரையைக் கையில் வைத்திருக்க வேண்டும். குமட்டல் வந்த பிறகு விழுங்குவதில் பயன் குறைவு; மருந்தாளரைக் கேட்டு முன்னதாகவே போட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. மேல்தளத்தில் நின்று தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு இஞ்சி மிட்டாயைச் சுவைப்பது பலருக்குக் கேட்கிறது. கப்பலில் மருத்துவர் உண்டு, ஆனால் கட்டணம் நம் ஊர்த் தனியார் மருத்துவமனையையே மலிவாகத் தோன்றச் செய்யும்; கடற்பயணத்தை உள்ளடக்கிய காப்புறுதி இல்லாமல் பெரியவர்களை அழைத்துச் செல்லாதீர்கள்.

கப்பல்களில் வேகமாகப் பரவுவது நோரோ கிருமியால் வரும் வாந்தியும் வயிற்றுப்போக்கும். கையில் தடவிக்கொள்ளும் கிருமிநாசினித் திரவம் அதற்கு அவ்வளவாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். உணவுக்கூட வாசலில் கைகழுவச் சொல்லும் ஊழியரைத் தவிர்த்துவிட்டு நுழைவது, பந்தியில் கைகழுவாமல் உட்காருவதற்குச் சமம். சாம்பார்க் கரண்டியை மீன்கறியில் போடாதீர்கள். பக்கத்தில் நிற்கும் சைவர் அதைப் பார்த்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்துவிடுவார். சைவ உணவு வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்துவிட்டு, முதல் இரவு உணவுக்கூட மேற்பார்வையாளரிடம் மீண்டும் நினைவூட்டுங்கள். வெங்காயம், பூண்டு ஆகாது என்றால் அதையும் தனியாகச் சொல்ல வேண்டும். பிறகு, ‘தாபாவ்’. கட்டிக்கொண்டு போகும் பழக்கம் நம் நாட்டில் எல்லா இனத்தாருக்கும் பொது என்றாலும், பஃபே உணவைப் பிளாஸ்டிக் டப்பாக்களில் அடைத்து அறையில் சேமிப்பது கெட்டுப்போன சோற்றுக்கும் வயிற்றுவலிக்கும் வழி. பழம், இறைச்சி போன்றவற்றை அடுத்த நாட்டில் கரைக்கு எடுத்துச் சென்றால் சுங்கத்துறையில் மாட்டிக்கொள்ளவும் நேரிடும்.

நாற்காலியில் டிஷு பொட்டலத்தை வைத்து இடம்பிடிக்கும் வழக்கத்தையும் துறையிலேயே விட்டுவிட்டு ஏறுங்கள். குளத்தருகே துண்டை விரித்துப் போட்டுவிட்டு இரண்டு மணி நேரம் காணாமல் போனால், ஊழியர்களே அதை எடுத்து வைத்துவிடுவார்கள்; அவர்களிடம் சண்டை போட நியாயம் கிடையாது. குளத்தில் பருத்திச் சட்டையோடு இறங்கக் கூடாது. அணையாடை கட்டிய குழந்தைகளையும் பெரும்பாலான கப்பல்கள் அனுமதிப்பதில்லை. முறையான உடை என்று குறிப்பிட்டிருக்கும் இரவில் கோட்டும் டையும் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நீளக்கை பாத்தேக் சட்டையும், வேட்டி ஜிப்பாவும், பட்டுச்சேலையும் மதிப்பாக ஏற்றுக்கொள்ளப்படுகின்றன. அரைக்கால் சட்டையும் சிலிப்பரும்தான் வாசலில் தடுக்கப்படும்.

அறைச் சுவர்கள் மெல்லியவை. மாடங்களுக்கு இடையே இருப்பதோ வெறும் தடுப்பு. இரவு பதினொன்றுக்கு மாடத்தில் நின்று பங்காளிச் சண்டையைப் பேசினால், பக்கத்து அறையில் தமிழர் இருக்க மாட்டார் என்பதற்கு உத்தரவாதமில்லை. மாடத்தில் துணி உலர்த்துவதும், புகைப்பதும், எதையேனும் கடலில் எறிவதும் கூடாது. கழிவறை காற்றழுத்தத்தால் உறிஞ்சுவது; அதில் ஒரு துண்டுத் துணியைப் போட்டாலும் அந்த வரிசை அறைகள் அனைத்தும் அவதிப்படும்.

அறையைச் சுத்தம் செய்பவர் வாரத்தில் ஏழு நாளும் வேலை பார்க்கிறார். பன்னாட்டு கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அவருடைய வேலையை ஒரு நாளைக்கு 14 மணி நேரம் என்ற உச்சவரம்பிற்குள் வைக்கிறது. அந்த வரம்பே எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். விரலைச் சொடுக்கிக் கூப்பிடாமல், சட்டையில் உள்ள பெயரைப் படித்து அழையுங்கள். நன்றாகக் கவனித்துக்கொண்டவருக்கு, கட்டணத்தில் சேர்ந்திருப்பதற்கு மேல் கையில் சிறு தொகை கொடுப்பது உங்கள் விருப்பம். கருத்துப் படிவத்தில் அவர் பெயரைக் குறிப்பிட்டு எழுதுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவருடைய அடுத்த ஒப்பந்தத்திற்கு அது உதவும்.

கரையை விட்டு விலகியதும் கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றிவிடுங்கள். கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பு தானாகப் பற்றிக்கொண்டால், உங்கள் திட்டத்தில் சேராத கட்டணம் ஏறும். கைப்பேசி இன்னொரு வகையிலும் ஏமாற்றும். தாய்லாந்தின் பூக்கெட் நம் நேரத்திற்கு ஒரு மணி நேரம் பின்தங்கியது. கடைத்தெருவில் என் மைத்துனர் கைப்பேசியைப் பார்த்து, “மூன்றரைதான் ஆகுது மச்சான், இளநீர் குடிச்சிட்டுப் போகலாம்” என்றார்; என் கைக்கடிகாரத்தில் நாலரை. கப்பலுக்குக் கடைசிப் படகு ஐந்து மணிக்கு. கப்பல் நேரத்தை மாற்றியிருக்கவில்லை. படகுத்துறைக்கு ஓடி, வேர்த்து விறுவிறுத்து ஏறியபோது கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போயிருந்தால் நமக்காகக் காத்திருப்பார்கள். தனியாகப் போய்த் தாமதித்தால் அடுத்த துறைமுகத்திற்குச் சொந்தச் செலவில்தான் போய்ச் சேர வேண்டும். கைக்கடிகாரம் கட்டிச் செல்லுங்கள். அதைக் கப்பல் நேரத்திலேயே விட்டுவிடுங்கள்.

கடைசி இரவு, பெரிய பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். விடியும் முன் அவற்றை எடுத்துச் சென்றுவிடுவார்கள். மறுநாள் உடுத்தும் துணியை எடுத்து வைத்துவிட்டுத்தான் பெட்டியைப் பூட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி அனுப்பிவிட்டுக் கைலியோடு காலையுணவுக்கு வந்த ஒருவரை நான் அறிவேன்; அவர் இதைப் படிப்பார் என்பதால் உறவுமுறையைச் சொல்லவில்லை. கணக்குச் சீட்டை இரவிலேயே சரிபார்த்துவிடுங்கள். காலையில் முகப்பில் நீண்ட வரிசை நிற்கும்.

பினாங்கில் இறங்குகிறவர்கள் துறை வாசலிலேயே கிராப் வாடகை வண்டியை அழைக்க வேண்டாம். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அழைப்பதால் கட்டணம் ஏறியிருக்கும். பெட்டியை உருட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் லிட்டில் இந்தியா. அங்கே தோசை சாப்பிட்டு முடிப்பதற்குள் கட்டணம் இறங்கிவிடும். உட்கார்ந்திருக்கும்போது மேசை லேசாக ஆடுவதுபோல் தோன்றினால் பயப்பட வேண்டாம். கடலின் அசைவுக்குப் பழகிய உடலுக்குத் தரை பிடிபடச் சிறிது நேரம் ஆகும், பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் சரியாகிவிடும். அந்த ஆட்டம் நிற்கும் வரை கோலாலம்பூருக்குக் காரை நீங்கள் ஓட்டாமல் வேறொருவரிடம் சாவியைக் கொடுத்துவிடுங்கள்.