டார்சியை மாற்றியது காதலா? படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813) பற்றிப் பேச்சு வந்தால், "திமிர் பிடித்த டார்சி எலிசபெத்தைக் காதலித்தான், திருந்திவிட்டான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். முதல் தவறு இதுதான். ஹன்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் முதல்முறை அவளிடம் மனதைத் திறந்து கல்யாணத்துக்குக் கேட்கும்போதே அவனுக்குக் காதல் முற்றிப்போயிருக்கிறது. ஆனால் திமிர் துளியும் குறையவில்லை. அவள் குடும்பம் தன் அந்தஸ்துக்குக் கீழே என்பதை அவளிடமே விலாவாரியாகச் சொல்கிறான். அவள் மறுக்கக்கூடும் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. அவனை உலுக்கியது அவளுடைய மறுப்பு. குறிப்பாக, அவன் பண்போடு நடந்துகொள்ளவில்லை என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னது. அதில் இருந்த நியாயத்தை ஏற்கவே தனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது என்று பின்னால் அவனே ஒப்புக்கொள்கிறான்.

மறுநாள் அவன் நீட்டும் கடிதத்தை மன்னிப்புக் கடிதமாகப் படிப்பதும் சரியில்லை. அது பெரும்பாலும் தன் பக்க நியாயம், கசப்போடு எழுதியது. அதைப் படித்து முதலில் மாறுவது எலிசபெத்தான்.

அப்புறம், எலிசபெத் தன் மாமாவோடு சுற்றிப் பார்க்க வரும் பெம்பர்லி, டார்சியின் மாளிகை. இங்கே மாளிகையின் அழகிலும் காதலர்களின் தடுமாற்றத்திலும் மயங்கி, ஒரு சின்ன விஷயத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். எலிசபெத்தின் மாமா கார்டினர் லண்டனில் சீப்சைடு பக்கம் குடியிருக்கும் வியாபாரி. இப்படிப்பட்ட உறவினர்கள் இருப்பதால் எலிசபெத் உள்ளிட்ட பென்னட் வீட்டுப் பெண்களுக்கு நல்ல இடத்தில் வரன் அமைவது கஷ்டம் என்று, முன்பு நண்பனின் நெதர்ஃபீல்டு வீட்டில் தங்கியிருந்தபோது சொன்னவன் இதே டார்சி. இப்போது அந்த மாமாவைத் தன் ஓடையில் எப்போது வேண்டுமானாலும் வந்து மீன் பிடிக்கச் சொல்கிறான், தூண்டிலும் தருகிறேன் என்கிறான், மீன் நன்றாகக் கிடைக்கும் இடங்களையும் காட்டுகிறான். அவன் மாற்றத்துக்கு இதைவிட நல்ல சாட்சி நாவலில் இல்லை என்பேன். காதலியிடம் பணிவாக இருப்பது சுலபம். அவன் பணிவு அவளுடைய மாமாவரை போகிறது.

எலிசபெத்தின் தங்கை லிடியா, விக்கம் என்ற ராணுவ அதிகாரியோடு ஓடிப்போகிறாள். அந்த விவகாரத்தில் டார்சி உதவியதை, காதலியை மடக்கப் போட்ட திட்டமாகப் பார்ப்பவர்களும் உண்டு. அவர்கள் கல்யாணம் நடப்பதற்காக விக்கமின் ஆயிரம் பவுண்டுக்கும் மேலான கடனை அடைத்து, லிடியாவுக்கு இன்னொரு ஆயிரம் எழுதிவைத்து, அவனுக்கு ராணுவப் பதவியும் வாங்கித் தருகிறான் டார்சி. எலிசபெத்துக்காகவும்தான் செய்தான். ஆனால் செய்தது யார் என்று அவளுக்குத் தெரியக்கூடாது என்பதில் கவனமாக இருந்தான். லிடியா வாய் தவறி உளறியதால்தான் விஷயம் வெளியே வந்தது. எலிசபெத்தை இரண்டாம் முறை கல்யாணத்துக்குக் கேட்கும்போதும், உன் மனம் மாறவில்லை என்றால் ஒரு வார்த்தை சொல், இனி இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்கிறான்.

கடைசியாக, அவன் அடியோடு வேறு ஆளாகிவிட்டான் என்று நினைக்க வேண்டாம். நான்கு வயதிலிருந்து அவனை அறிந்த வீட்டு நிர்வாகி, தன்னிடம் அவன் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை என்கிறாள். நல்ல குணம் முன்பே இருந்தது. தன் வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களிடம்தான் அது வெளிப்படவில்லை. மாறாததும் உண்டு. நிச்சயமான பிறகும் அவனைக் கேலி செய்ய வாயெடுத்து, அவன் இதற்கு இன்னும் பழகவில்லை என்று அடக்கிக்கொள்கிறாள் எலிசபெத். கல்யாணத்துக்குப் பின் அவள் அவனைச் சீண்டும்போது, அண்ணனிடம் இப்படியும் பேசலாமா என்று அவன் தங்கை ஜார்ஜியானா முதலில் மிரண்டே போகிறாள்.