கேமிங் லேப்டாப் ஹிஞ்ச் (மூடியப் பிடிச்சிருக்கிற கீல்) போச்சா? சர்வீஸுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி இதெல்லாம் பண்ணிடுங்க

மூடி திறக்கும்போது டக்னு ஒரு சத்தம், ஸ்கிரீன் ஓரத்துல பிளாஸ்டிக் லேசா வாயப் பொளந்து நிக்குதா? அப்போ சும்மா சும்மா மூடித் திறந்து பாக்காதீங்க. நான் ஒரு வாரம் அப்படியே ஓட்டி கேபிளயும் சேத்து கெடுத்துக்கிட்டேன். டிஸ்ப்ளே கேபிள், வைஃபை ஆன்டெனா வயர் எல்லாமே ஹிஞ்ச் பக்கமாத்தான் போகுது.

பெரும்பாலும் உடையறது ஹிஞ்ச் இல்ல, அது இரும்பு. அது நாளாக ஆக டைட் ஆகும், நாம ஒரு மூலையப் பிடிச்சு இழுப்போம், ஸ்க்ரூ பிடிச்சிருக்கிற குட்டி பித்தள நட்டு பிளாஸ்டிக்கோட பிச்சிக்கிட்டு வந்துரும். இது ஏன் முக்கியம்னா, ஹிஞ்ச மட்டும் மாத்தி பழைய பிளாஸ்டிக்கையே பசை போட்டு ஒட்டிக் குடுத்தா திரும்பப் பிச்சிக்க நல்லாவே வாய்ப்பு இருக்கு. அதனால "கவரும் மாத்துவீங்களா, ஒட்டித்தான் குடுப்பீங்களா?"ன்னு முதல்லயே கேட்டு எழுத்துல வாங்கிருங்க. வாரன்டி இருந்தாலும் கைத்தவறுதலா உடைஞ்சதுன்னு சொல்லித் தட்டிக் கழிக்கலாம், அதனால விரிசல், நாலு மூலை, அடியில இருக்கிற சீரியல் நம்பர் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வைங்க. கீழ போட்ட அடையாளம் எதுவும் இல்லன்னு காட்ட அதான் கைகுடுக்கும்.

அடுத்து டேட்டா. ஸ்கிரீன் வரலன்னா எச்டிஎம்ஐ-ல டிவியில சொருகி பேக்கப் எடுங்க. பிட்லாக்கர் (விண்டோஸ்ல டிஸ்க்கப் பூட்டி வைக்கிற வசதி) ஆன்ல இருந்தா அந்த 48 இலக்க ரெக்கவரி கீயை வேற எங்கயாவது எழுதி வச்சுக்கோங்க, மதர்போர்ட மாத்தினா அத கேக்கும், இல்லன்னா உங்க ஃபைல் உங்களுக்கே கிடையாது. உங்க பாஸ்வேர்ட குடுக்காதீங்க, டெஸ்ட் பண்ண தனியா ஒரு அக்கவுன்ட் போட்டுக் குடுங்க.

பேக்கிங்: ஷட் டவுன் பண்ணுங்க, ஸ்லீப்ல விட்டா பெட்டிக்குள்ள கொதிச்சுரும். கீபோர்டுக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவுல மெல்லிசா ஃபோம் ஷீட் வச்சு, நடுப்பகுதியப் பிடிச்சு மெதுவா மூடுங்க, மூட மாட்டேங்குதுன்னா அமுக்கவே கூடாது, நேர்ல கொண்டு போய்க் குடுக்குறதுதான் புத்தி. கூரியர்னா லித்தியம் பேட்டரி உள்ள இருக்குன்னு சொல்லிருங்க. சார்ஜர், மவுஸ் எதுவும் கேட்டாலொழிய அனுப்பாதீங்க.

திரும்பி வந்ததும் கையெழுத்து போடறதுக்கு முன்னாடி திறந்து பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே டைட்டா வருதா, மூடினா ஓரம் சமமா உக்காருதா, பாதியில நிறுத்துனா நிக்குதா. அப்புறம் வைஃபை, கேமரா, ஸ்பீக்கர், கீபோர்டு லைட்டு. ஸ்கிரீன மெல்ல முன்ன பின்ன ஆட்டும்போது ஒரு தடவ மினுக்குனாக்கூட கேபிள் சரியா உக்காராம இருக்கலாம், அங்கயே திருப்பிக் குடுத்துருங்க.